புதுவெள்ள நாட்களில் வலையைச் சற்று நிறுத்துங்கள்: மேட்டூர்ப் பரிசல் மீனவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் பரிசலேறி வலை வீசி ஜீவனம் நடத்தும் பண்ணவாடி, கோட்டையூர், செட்டிப்பட்டி, மூலக்காடு, நாகமரை, ஒட்டனூர், ஏமனூர் முதலிய கரையூர்களைச் சேர்ந்த மீனவப் பெருமக்களுக்கு,



இம்மடலை எழுதுகிறவன் மீன்துறை அதிகாரியும் அல்லன். மீன் கொள்முதல் செய்யும் வியாபாரியும் அல்லன். மாலையில் நீங்கள் கட்டிவிட்டு வந்த வலையை விடியுமுன் எடுத்துக் கரை சேர்க்கும் மீனை, பரிசல் ஒதுங்கும் துறையிலேயே நின்று வாங்கி உண்டு வளர்ந்த கூட்டத்தில் ஒருவன். உங்களில் வயதானவர்கள் வலையின் கிழிசலை முடைந்துகொண்டே சொல்லும் பழைய விஷயங்களை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறவன். தொழில் தெரிந்தவர்களுக்குத் தொழில் தெரியாதவன் புத்தி சொல்லப் புகுவது முறையன்று என்பதை அறிவேன். ஆயினும் இந்த ஏரி எவருடைய தனிச் சொத்தும் அல்லாத பொது நீராக இருப்பதால், அதன் நீரைக் குடிக்கிறவனுக்கும் அதன் மீனை உண்கிறவனுக்கும் அதைப்பற்றி ஒரு சொல் சொல்லும் பாத்தியதை உண்டென்று கருதித் துணிகிறேன். நான் உங்களிடம் கேட்க வந்தது முக்கியமாக ஒன்றே: ஆற்றில் புதுவெள்ளம் இறங்கும் சில வாரங்களில், ஆறு ஏரியோடு கலக்கும் மேல்முகப் பகுதியில் வலை கட்டாதிருக்க நீங்களே கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டும். வலைக்கண்ணைப் பற்றி நான் சொல்லப்போவதும் அந்த ஒன்றோடு சேர்ந்ததே.

இந்த ஏரி மீனுக்காக உண்டானதன்று. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை வேலை, தஞ்சைத் தரணியின் பாசனத்தைக் கருதியே மேற்கொள்ளப்பட்டது. சீதாமலைக்கும் பாலமலைக்கும் இடையே 5,300 அடி நீளத்துக்குச் சுவர் எழுப்பி, 120 அடி உயரத்துக்கு நீரைத் தேக்கி, 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் ஐம்பத்தொன்பது சதுர மைலுக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பும் உடையதாக அதை அமைத்தவர்கள், அந்த நீருக்குள் என்ன பிழைக்கும், அதை நம்பி யார் பிழைப்பார்கள் என்பதைப் பிரதானமாக நினைத்திருக்க மாட்டார்கள். மூழ்கிய ஊர்களின் சுவர்களும் அடிமரங்களும் இன்றும் உங்கள் வலைகளைப் பற்றிக் கிழிக்கின்றன. நீர் வெகுவாக வடிந்த வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதைப் பார்க்க ஜனங்கள் திரளுகிறார்கள். நந்தி தெரியும் அளவுக்கு நீர் இறங்கிவிட்டது என்றால் மீனுக்கு ஒதுங்க இடம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்ற கணக்கு, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குத் தோன்றாது. பரிசலில் இருக்கும் உங்களுக்குத் தோன்றும்.

ஏனெனில் பாசனத்தின் பஞ்சாங்கம் ஒன்று, மீனின் பஞ்சாங்கம் வேறொன்று. வழக்கப்படி ஜூன் 12-ல் மதகைத் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது டெல்டா விவசாயத்தின் முறை; பருவமழை தவறிய வருஷங்களில் அந்தத் தேதிகளும் தள்ளிப்போகும். அறுவடைக்குப் பின் வரும் வேனில் மாதங்களில், மேலிருந்து வரத்து அருகி, குடிநீருக்கென்று விடுகிற நீர் மட்டும் போய்க்கொண்டிருக்க, ஏரி நாளுக்கு நாள் நடுவை நோக்கி ஒடுங்குகிறது. அகன்ற பரப்பில் சிதறிக் கிடந்த மீன் எல்லாம் ஆழமான சில இடங்களில் வந்து நெருங்குகிறது. அப்போது வலைக்கு மீன் அதிகம் படுகிறது. படவே, ஏரியில் மீன் பெருகிவிட்டது என்ற எண்ணமும் உண்டாகிறது. உண்மையில் பெருகியது மீன் அன்று, நெருக்கம் மட்டுமே. அந்த நெருக்கத்தில் நாம் எடுக்கும் ஒவ்வொரு பெரிய மீனும், இன்னும் இரண்டு மாதத்தில் வரப்போகும் வெள்ளத்தில் ஏறி முட்டையிட வேண்டிய மீன் என்பதை மனத்தில் வைத்தால், வேனிலின் தாராளம் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது என்பது விளங்கும்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும், நம் காவிரிக்கே உரிய சேல் வகைகளும், தேங்கிய நீரில் எத்தனை வருஷம் கொழுத்து வளர்ந்தாலும் அங்கேயே இனவிருத்தி செய்வதில்லை. அவற்றுக்கு ஓடும் நீர் வேண்டும். அதுவும் மழையின் மண் கலந்து, குளிர்ந்து, கரைகளை நனைத்துக்கொண்டு வேகமாக இறங்கும் புதுநீர் வேண்டும். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவக்காற்று மழை கொட்டி, கபினியும் கிருஷ்ணராஜ சாகரமும் நிரம்பி, அங்கிருந்து திறந்த நீர் பிலிகுண்டுலுவைத் தாண்டி ஒகேனக்கல் பாறைகளில் நுரைத்து விழுந்து நம் ஏரிக்குள் புகும்போது, அந்த நீரின் வாசனையை உணர்ந்த சினைமீன்கள் ஏரியை விட்டு ஆற்றை நோக்கி எதிரேறுகின்றன. ஆழமற்ற, நீர் பரவும் ஓரங்களில் அவை முட்டை விடுகின்றன. கட்லா ஒன்று தன் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு லட்சமோ அதற்கு மேலோ முட்டை சுமக்கும் என்று மீனியல் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். அம்முட்டைகள் எதிலும் ஒட்டாமல் நீரோடு உருண்டு மிதந்து, ஒரு நாள் முழுதாவதற்கு முன்பே பொரிந்துவிடுகின்றன. அத்தனையும் மீனாகிவிடுவதில்லை, பெரும்பகுதி மற்ற மீனுக்கும் பூச்சிக்கும் இரையாகும், கரையில் ஒதுங்கிக் காயும். இயற்கை அவ்வளவு சேதத்தையும் முன்பே கணக்கிட்டுத்தான் அவ்வளவு முட்டைகளைக் கொடுத்திருக்கிறது. ஆனால் முட்டை விடுவதற்கு முன்பே தாயைப் பிடித்துவிடும் சேதத்தை அந்தக் கணக்கில் அது சேர்க்கவில்லை.

ஆடி மாதத்தில் காவிரி சூல் கொண்டிருக்கிறாள் என்பது நம் கரைப் பெண்களின் நம்பிக்கை. மசக்கைக்காரிக்குச் செய்வதுபோல் சித்திரான்னங்கள் சமைத்து எடுத்துவந்து, காதோலை கருகமணி வைத்து, மஞ்சள் நூல் சாற்றிப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றை வணங்குகிறார்கள். மேட்டூரிலும் அன்று நீராடி, அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கல் வைக்க எத்தனை ஊர் ஜனம் கூடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையை ஆக்கித் தந்த முன்னோர்கள் ஆற்றை வெறுமனே கற்பனையால் அப்படிப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே நாட்களில் அந்த நீருக்குள் பிரத்தியட்சமாகவே சினை நிறைந்த வயிறுகள் ஆயிரக்கணக்கில் எதிரேறிக் கொண்டிருக்கின்றன. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் அதைக் காணாமல் இருந்திருக்க முடியாது. ஆனியிலும் ஆடியிலும் பிடிபடும் மீனை அறுக்கும்போது சினை மஞ்சளாகச் சரிந்து விழுவதை உங்கள் வீட்டுப் பெண்மக்களைக் கேட்டால் சொல்வார்கள். சினை ருசியானதுதான், அதற்கென்றே அந்த நாளில் மீன் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் கொடுத்தே தீரவேண்டும் என்பதில்லை.

மீன் ஏறும் வழியை மறித்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் காவிரி ஏற்கெனவே ஒருமுறை காட்டியிருக்கிறது. கடலில் வாழ்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறிவரும் உள்ளம் என்னும் மீன் ஒரு காலத்தில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் உரிய பெரும் செல்வமாக இருந்தது. குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக அணைகள் எழுந்தன. பின்னர் மேட்டூர் அணையும் எழுந்து, வெள்ளத்தின் போக்கே மாறியது. உள்ளம் மீன் நம் ஆற்றில் அருகிப்போயிற்று. அங்கே வழியை அடைத்தது கல்லும் சுண்ணாம்பும் சிமெண்டும். அதை இடித்துத் தள்ள நம்மால் ஆகாது, சோறு தரும் அணையை இடிக்கவும் கூடாது. ஆனால் ஏரியின் மேல்முகத்தில், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக, ஒரு வலையின் முடிவில் இன்னொரு வலை தொடங்கும்படி வரிசையாகக் கட்டுகிறோமே, அதுவும் மீனின் பார்வையில் ஓர் அணைதான். அதைக் கட்டியவர்கள் நாம்; அவிழ்ப்பதும் நம் கையில் இருக்கிறது.

‘சர்க்கார் பண்ணையில் குஞ்சு பொரித்து வருஷந்தோறும் ஏரியில் விடுகிறார்களே, தாய்மீன் ஏறாவிட்டால் என்ன குறைந்துவிடும்?’ என்று உங்களில் சிலர் கேட்பது நியாயமான கேள்வியே. 1957-ல் ஒரிஸா மாநிலத்தில் ஹீராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானியும் அலிகுன்ஹியும் மீனின் மூளையடியில் உள்ள சுரப்பியின் சாற்றைத் தாய்மீனுக்கு ஊசி மூலம் செலுத்தி, ஓடும் நீர் இல்லாமலேயே கெண்டை இனங்களை முட்டையிடச் செய்த நாள் முதல், தேசத்து மீன்வளத்தில் ஒரு பெரிய மாறுதல் ஏற்பட்டது. அந்த ஜூலை 10-ஐ இன்றும் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். மேட்டூரிலும் மீன்பண்ணை இருக்கிறது. அங்கே விரல் அளவுக்கு வளர்த்த குஞ்சுகளை ஏரியில் விடுவதை நீங்கள் கண்ணாரப் பார்க்கிறீர்கள். அதன் உபகாரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பண்ணை கொடுப்பது பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால் முதலிய சில இனங்களின் குஞ்சுகளையே. அரஞ்சானும் சேலும் வாளையும் ஆற்றுக் கெளுத்தியும் ஆராலும் பெரும்பாலும் தொட்டியிலிருந்து வருவதில்லை. அவை ஆற்றை நம்பியே இருக்கின்றன. ‘மேட்டூர் மீன்’ என்று பெயர் சொல்லி வெளியூர்க்காரர் விரும்பிக் கேட்பதும் இவற்றைத்தானே? இன்னொன்று: பண்ணையிலிருந்து வந்து விழும் விரல் நீளக் குஞ்சு ஏரியில் ஒரு வருஷம் பிழைத்திருந்தால்தான் விற்கத்தக்க மீனாகும். அது பிழைத்திருக்குமா என்பதை நிர்ணயிப்பது வலையின் கண்.

வலைக்கண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வதைவிட உங்களிடம் நான் கேட்டறிந்ததையே திருப்பிச் சொல்கிறேன். செவுள் வலையில் மீன் அகப்படும் விதம் விசித்திரமானது. கண்ணைவிடச் சிறிய மீன் நுழைந்து வெளியேறிவிடும். மிகப் பெரிய மீனுக்குத் தலையே நுழையாது. தலை நுழைந்து உடல் நுழையாத ஓர் அளவு மீன் மட்டும் பின்வாங்கும்போது செவுளில் நூல் மாட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே எந்த வயது மீனைக் கொல்வது, எதைப் பிழைக்க விடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம், பரிசல் ஏறுவதற்கு முன்பே, வலை வாங்கும் கடையில் நம் கையில் கொடுக்கப்படுகிறது. பெரிய கண்ணுள்ள உடுவலையும் ரங்கூன் வலையும் கட்டிய காலத்தில், ஒவ்வொரு மீன் தலைமுறையிலும் ஒரு பாகம் தானாகவே தப்பித்துக்கொண்டிருந்தது. நூலும் பருத்தியாய்ச் சணலாய் இருந்ததால் நனைந்து கனத்து மீன் கண்ணுக்குத் தெரியும். சில மாதத்தில் இற்றும் போகும். இப்போது நைலான் இழையாலான தங்கூசி வலை வந்திருக்கிறது. விலை குறைவு, பாரம் இல்லை, நீருக்குள் கண்ணுக்குத் தெரிவதில்லை, எந்தச் சிறிய கண்ணிலும் கிடைக்கிறது. கால் கிலோ எடைகூட ஏறாத ரோகுக் குஞ்சு கூடை கூடையாகக் கரைக்கு வருவது இந்த வலையின் வரவுக்குப் பின்னரே. அவ்வளவு சிறிய மீனுக்கு வியாபாரி கொடுக்கும் விலை எவ்வளவு என்பதும், அதே மீன் இன்னும் ஒரு மழைக்காலம் இருந்திருந்தால் எவ்வளவு எடை வந்திருக்கும் என்பதும் நீங்கள் அறிந்த கணக்கு.

தங்கூசியால் இன்னொரு அபகாரமும் உண்டு. மூழ்கிய சுவரிலோ மரத்திலோ மாட்டிக்கொண்ட பழைய நூல்வலையை அறுத்துவிட்டு வந்தால் அது அங்கேயே மக்கிப்போகும். தங்கூசி மக்குவதில்லை. அறுந்த துண்டு ஆழத்தில் தொங்கிக்கொண்டு, எடுக்க ஆளில்லாமலே மீனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடிபட்ட மீன் அழுகி, அதை உண்ண வந்த மீனும் ஆமையும் அதிலேயே சிக்குகின்றன. ஏரி வற்றும் வேனிலில், அடிமரங்கள் வெளியே தெரியும் நாட்களில், ஊருக்கு ஊர் பத்துப் பேர் போய் இந்தக் கிழிசல்களை அறுத்துக் கரையேற்றி அப்புறப்படுத்தினால் அது பெரிய புண்ணியம். அதற்கு எந்த உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

சிறுகண் வலைக்கு நீங்கள் சொல்லும் சமாதானம் ஜிலேபி மீன். அதை நான் தள்ளிவிட மாட்டேன். 1952-ல் இலங்கை வழியாக மண்டபத்துக்கு வந்து சேர்ந்த இந்த ஆப்பிரிக்க மீன், பின்னர் நம் குளம் ஏரி எல்லாவற்றிலும் பரவி, ஏழை வீட்டுக் குழம்புக்கு நாள் தவறாமல் கிடைக்கும் பண்டமாகிவிட்டது. அது வெள்ளத்துக்குக் காத்திருப்பதில்லை. தேங்கிய நீரில் சேற்றைக் குழித்து முட்டையிட்டு, தாய் தன் வாயிலேயே முட்டைகளை வைத்துக் காத்துப் பொரித்து, வருஷத்தில் பலமுறை பெருகுகிறது. பெருகப் பெருக இடமும் இரையும் போதாமல் குட்டையாகி, கையகலத்துக்கு மேல் வளராமல் நின்றுவிடுகிறது. இந்தக் குட்டையான ஜிலேபியைப் பிடிக்கவென்று சிறுகண் வலையை ஏரி நடுவில் கட்டினால், அதோடு ரோகுக் குஞ்சும் சேல் குஞ்சும் சேர்ந்து போகின்றன. ஜிலேபிக் குஞ்சைத் தின்று அதன் பெருக்கத்தை அடக்கவேண்டிய வாளையும் விராலும் இளமையிலேயே போகின்றன. அதன் பலன், அடுத்த வருஷம் ஜிலேபி இன்னும் அதிகமாக, இன்னும் சிறியதாக. ஆகவே ஜிலேபியைக் கரையோர ஆழமற்ற நீரில் வீச்சு வலையால் எடுப்பதே உத்தமம் என்று எனக்குத் தோன்றுகிறது. வீச்சு வலையில் அகப்பட்டது உயிரோடு இருக்கும். வேண்டாத குஞ்சை உடனே நீரில் திருப்பி விட்டுவிடலாம். செவுள் வலையில் விடியும்வரை தொங்கிய குஞ்சைத் திருப்பி விடுவதற்கு இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி அகப்பட்டால் மட்டும், அது எவ்வளவு சிறியதாயினும், திருப்பி விடாதீர்கள். வளர்க்கக்கூடாதென்று அரசே தடை செய்த அந்தப் பெருந்தீனி மீன் நம் ஏரியில் நிலைத்துவிட்டால் மற்றவற்றுக்குக் கதி இல்லை.

வெடி வைப்பதையும் விஷம் கலப்பதையும் பற்றி அதிகம் எழுத மனமில்லை. அவற்றைச் செய்கிறவர்கள் மிகச் சிலர், அவர்களும் பெரும்பாலும் உங்கள் கூட்டத்தைச் சேராதவர்கள். மீன் அழிவைப் பற்றிய எச்சரிக்கை புதிதன்று. 1873-லேயே பிரான்சிஸ் டே என்னும் ஆங்கில வைத்தியர், இந்தியாவின் நன்னீர் மீன்களைப் பற்றித் தாம் சமர்ப்பித்த அறிக்கையில், சிறுகண் வலைகளாலும் பொறிகளாலும் குஞ்சும் சினையும் அழிவதை எடுத்துச் சொன்னார். அதற்கெல்லாம் பிற்பாடு 1897-ல் வந்த இந்திய மீன்வளச் சட்டம், நீரில் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீனைக் கொல்வதைக் குற்றமாக்கியது. வலைக்கண்ணின் அளவை விதிக்கவும், குறித்த ஒரு நீரில் இரண்டு வருஷம் வரையில் மீன்பிடிப்பையே நிறுத்திவைக்கவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. தோட்டா வெடித்தால் மீனின் காற்றுப்பை கிழிந்து, செத்ததில் பெரும்பங்கு அடியில் போய்விடும். மிதப்பதைப் பொறுக்குகிறவன் தான் கொன்றதில் சிறுபகுதியையே காண்கிறான். மருக்காரைக்காயும் கள்ளிப்பாலும் கலக்கிற பழைய வழக்கம், ஓடையில் ஒரு வேளைக் குழம்புக்கு என்று தொடங்கியது. ஊரெல்லாம் குடிக்கும் நீரில் அதற்கு இடமே இல்லை. இப்படிப்பட்டவர்களை உங்கள் துறையில் கண்டால் மறைக்காமல் தெரிவியுங்கள் என்பதற்கு மேல் நான் சொல்ல ஏதுமில்லை.

உங்கள் பக்கத்துக் கஷ்டங்களை நான் அறியாதவன் அல்லன். ஏரியை வற்ற வைப்பது நீங்கள் அல்ல. எப்போது திறப்பது, எவ்வளவு விடுவது என்று உங்களை யாரும் கேட்பதில்லை. சில வருஷங்களில் தண்ணீர் அசைவற்றுக் கிடக்கும்போது பச்சைப் பாசி கெட்டியாகப் படர்ந்து, அழுகி, காற்றடிக்கும் பக்கத்துக் கரையூர்களில் வீட்டுக்குள் இருக்கமுடியாதபடி நாற்றம் எடுக்கிறது. மேலிருந்து வரும் கழிவும் உரச்சத்தும் அந்தப் பாசிக்கு உணவாகின்றன. பகலில் நீருக்குப் பிராணவாயு கொடுக்கும் அதே பாசி இரவில் அதை உறிஞ்சிவிடுவதால், விடியற்காலையில் மீன் மூச்சு முட்டி மேலே வந்து வாயைப் பிளக்கிறது. நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து நாற்றத்தை ஆற்றுகிறார்கள். கழிவை ஆற்றில் விடுகிறவர்களைத் தடுத்தாலன்றி மூலம் தீராது. இதற்கெல்லாம் பரிசல்காரன் காரணம் அல்லன். வலைக்கும் பரிசலுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவன், அவன் கேட்கிற நாளில் மீன் போடாமல் இருக்க முடியாது என்பதும் உண்மை. உரிமக் கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்தியவன் பெரிய கண் வலை கட்டிக் காத்திருக்க, உரிமமே இல்லாதவன் இரவில் வந்து சிறுகண் வலையால் வாரிக்கொண்டு போவதைக் கண்டு, ‘நான் மட்டும் விட்டால் எவனோ கொண்டுபோவான்’ என்று மனம் வெறுத்துப் பேசினவரை நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் உள்ள வேதனை நியாயமானது. அதற்கு மாற்று, தனித்தனியாக விடுவதில் இல்லை. எல்லோரும் சேர்ந்து விடுவதிலேதான் இருக்கிறது.

சேர்ந்து விடுவது நம் நாட்டில் நடக்காத காரியமா? சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா என்று ஒன்று நடப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாதக்கணக்கில் கண்மாயில் மீன் துள்ளிக்கொண்டிருக்கும். கரையில் காவலுக்குச் சேவகன் நிற்பதில்லை. ஆனாலும் ஊரார் கை வைப்பதில்லை. நீர் வற்றி, நாள் குறித்து, சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் செய்தி சொல்லி, அன்று காலை ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசிக் காட்டினால்தான், ஊத்தாவும் கச்சாவும் வலையும் ஏந்திக் காத்திருந்த ஆயிரம் பேரும் ஒரே சமயத்தில் நீரில் இறங்குகிறார்கள். அன்றைக்கு அகப்பட்டது அவரவர்க்குச் சொந்தம். அதற்கு முந்தைய நாள் வரை அது ஊருக்குச் சொந்தம். எந்தச் சட்டப் புஸ்தகத்தையும் பார்த்து அவர்கள் இப்படி நடக்கவில்லை. அவர்களைவிட உங்களுக்கு மீனைப்பற்றிய அனுபவமும், கட்டுப்பாட்டுக்கான காரணமும் எத்தனையோ மடங்கு அதிகம்.

ஆகவே என் யோசனையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏரி முழுவதும் தொழிலை நிறுத்தச் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவனுக்கு உங்கள் வீட்டு அடுப்பைப்பற்றி நினைவில்லை என்று அர்த்தம். ஆற்று நீர் கலங்கி இறங்கத் தொடங்கிய நாள் முதல், ஓட்டம் தெரியும் மேல்முகப் பகுதியிலும், சின்னாறு, பாலாறு, தொப்பையாறு போன்றவை வந்து சேரும் வாய்களிலும், சில வாரங்கள் மட்டும் வலை கட்டாதிருப்பது. எந்தப் பாறையிலிருந்து எந்தத் துறை வரையில் என்பதை நீங்களே குறிப்பது. மற்ற இடங்களில் வழக்கம்போல் தொழில் செய்வது. பெருவெள்ளம் வந்தால் ஒகேனக்கல்லில் பரிசல் விடவே தடை போடுகிறார்கள்; கீழேயும் அந்த நாட்களில் சுழலுக்கும் மரம் அடித்து வருவதற்கும் பயந்து நீங்கள் பாதி நாள் கரையில்தான் நிற்கிறீர்கள். உயிருக்காக நிற்கிற நாட்களோடு மீனுக்காக இன்னும் கொஞ்சம் நாட்களைச் சேர்க்கச் சொல்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதை மறைத்துப் பேசினால் ஏற்பாடு முதல் வருஷத்திலேயே முறிந்துவிடும். மேல்முகத்தை ஒட்டிய ஊரார் தங்கள் வாசலிலேயே தொழிலை நிறுத்த வேண்டியிருக்கும். அணைப்பக்கத்து ஊரார்க்கு ஒரு நஷ்டமும் இராது. பின்னர் பெருகும் மீனோ எல்லாருக்கும் பொது. ஆகவே அந்த வாரங்களில் மேல்முகத்து ஊரார் கீழ்ப்பகுதியில் வந்து வலை கட்டிக்கொள்ளக் கீழூரார் மனமுவந்து இடம் கொடுக்க வேண்டும். துறைக்குத் துறை எல்லைப் பிணக்கு இருப்பது எனக்குத் தெரியும். சேலம் கரை, தர்மபுரிக் கரை என்ற பேதமும் அவ்வப்போது தலை தூக்குகிறது. கோட்டையூருக்கும் ஒட்டனூருக்கும், பண்ணவாடிக்கும் நாகமரைக்கும் இடையே நாள்தோறும் ஜனங்களை ஏற்றி இறக்கும் படகுகளுக்கு இல்லாத பேதம் வலைகளுக்கு மட்டும் ஏன் இருக்கவேண்டும்? மீன்துறையாரிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இருக்கிறது: அந்த வாரங்களில் உரிமம் இல்லாதவர்கள் நுழையாதபடி ரோந்து வேண்டும் என்றும், கட்டணத்தில் மேல்முகத்து ஊரார்க்குச் சலுகை வேண்டும் என்றும், சிறுகண் வலையை ஒப்படைப்பவர்க்குப் பெரிய கண் வலை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றும் கேளுங்கள். கட்டுப்பாட்டைத் தாமே செய்துகொண்டு வந்து கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்வது எந்த அதிகாரிக்கும் எளிதாக இராது.

வைகாசி பிறப்பதற்குள், அதாவது மதகு திறப்பதைப் பற்றிய பேச்சு பத்திரிகைகளில் வருவதற்கு முன்பாக, இரு கரை ஊர்களிலிருந்தும் ஊருக்கு இருவர் மூவராக ஓரிடத்தில் கூடுங்கள். வலை முடைகிற முதியவர்களை அவசியம் அழையுங்கள்; எந்த நீரில் எந்த மீன் எப்போது ஏறும் என்பது அவர்கள் நினைவில் இருப்பதுபோல் எந்தக் காகிதத்திலும் இல்லை. மீன் அறுத்து விற்கும் பெண்களையும் அழையுங்கள். சினை எந்த வாரத்தில் முற்றுகிறது, எந்த வாரத்தில் வயிறு காலியாகிறது என்பதை அவர்கள் கையே அறியும். தடை நாட்களின் தொடக்கத்தையும் முடிவையும் அவர்கள் சொல்வதைக் கொண்டே குறிப்பது நல்லது. முதல் வருஷத்துக்கு மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டாலும் போதும். அடுத்த வேனிலில் ஏரி ஒடுங்கும்போது, வலையில் படுகிற சேலும் அரஞ்சானும் எத்தனை, எந்த அளவு என்பதை ஊருக்கு ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். பலன் இருக்கிறதென்று உங்கள் கணக்கே காட்டினால் நாட்களைக் கூட்டலாம். இல்லையென்று காட்டினால் எல்லையை மாற்றிக் குறிக்கலாம்.

இந்த மடலைப் படிக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்களுக்குத் துறையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
கரையூர்வாசி ஒருவன்